அக்காள் இழுத்த கோடு

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. அது எனக்குச் சொந்தமானதல்ல. மேலே பதினோரு வரி ஆங்கிலம், நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில். பதினோராவது வரி முடிவதற்குள் வாக்கியம் நின்றுவிடுகிறது. அதன் கீழே குறுக்காக ஒரு கோடு. அளவுகோல் வைக்காமல் இழுத்தது. வலப்பக்கம் போகப் போக மேலேறுகிறது. முடிகிற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றிருக்க வேண்டும், மை திரண்டு பொட்டுப் போல இருக்கிறது. கோட்டுக்குக் கீழே முக்கால் பக்கம் வெறும் தாள். மழை பெய்த நாள், ரயில் தாமதமாக வந்த நாள், கிணற்றில் தண்ணீர் வற்றிய நாள் என்று எல்லாவற்றுக்கும் தேதி குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்தத் தாளை வைத்திருக்கும் உறையின்மேல் மட்டும் நான் எந்தத் தேதியும் எழுதியதில்லை.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்கு அடுத்த தெருவில் எனக்கு ஒரு டைப்ரைட்டிங் கடை. மனுக்கள், பத்திரங்கள், வேலைக்கு விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பேன். வேலையில்லாத நேரத்தில் படிப்பேன். தபாலில் புத்தகம் வரவழைத்துப் படிக்கிறவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. 1957 கோடை விடுமுறையில்தான் டீச்சர் முதல்முறை கடைக்கு வந்தார். பாம்பனில் கத்தோலிக்க மீனவர் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். வயதில் என்னைவிட இரண்டு குறைவு. ஊரில் எல்லோரும் டீச்சர் என்றே அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆய்வேட்டை டைப் அடிக்க வேண்டும் என்றார். கல்லூரியில் அவருடைய வேலை தற்காலிகம். அந்தப் பட்டம் கிடைத்தால்தான் நிரந்தரம். இதை அவரே அன்று சொன்னார். பின்னாளில் நான் செய்ததற்கெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எனக்கு நானே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

ஆய்வின் பொருள், ஒருவர் ஒன்றைத் தெரியும் என்று எப்போது சொல்கிறார் என்பது. கடலுக்குப் போகிறவர்கள் நீரோட்டத்தையும் காற்றையும் எப்படி அறிகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கியிருந்தார். அதில் எனக்கு வியப்பில்லை. எழுதியிருந்த விதம்தான் என்னைத் திகைக்கவைத்தது. ஒவ்வொரு தாளிலும் குறுக்கே ஒரு கோணல் கோடு. மேலே ஆங்கிலத்தில் அவருடைய வாதம். கீழே, பாம்பன் பேச்சில், தமிழில், யாரோ அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். டைப் அடிக்கும்போது கோட்டை அதே உயரத்தில் போட்டு, கீழே இடம் விட்டுவிட வேண்டும், தமிழை நான்கு பிரதிகளிலும் நானே கையால் எழுதிக்கொள்வேன் என்றார். ஐரோப்பாவில் இப்போது தத்துவம் எழுதுகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, பார்க்கிறவன் எங்கே நின்று பார்க்கிறான் என்று. அதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், எழுதுகிற தாளில் அதைச் செய்து பார்க்கத்தான் யாரும் துணியவில்லை என்று விளக்கினார். நான் தலையசைத்தேன். என் அலமாரியில் ஆய்வேடு எழுதும் முறை பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்று இருந்தது. ஓரம் எத்தனை அங்குலம், அடிக்குறிப்பு எங்கே, பிற்சேர்க்கை எங்கே என்பதெல்லாம் அதில் இருந்தது. கோணல் கோடு இல்லை.

அந்தக் கோடு எப்படி வருகிறது என்பதை முதல் அத்தியாயத்தை அடித்து எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போன அன்று பார்த்தேன். அவர்கள் வீட்டு முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தது. டீச்சரின் அக்காள் பாயின் ஓரம் உட்கார்ந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். கருவாட்டு வியாபாரம் செய்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். டீச்சர் மடியில் பலகை வைத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே, எழுதுவதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். அக்காளுக்குப் போதும் என்று தோன்றியதும் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கிக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகு அந்தத் தாளில் டீச்சருக்கு இடமில்லை. அக்காள் சொல்வதைச் சொன்னபடி கீழே எழுத வேண்டும். மீதி வாதம் அடுத்த தாளுக்குப் போகும்.

“நீரோட்டத்தத் தண்ணி நெறத்த வச்சு ஊகிக்கிறாங்க” என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் கோடு விழுந்துவிட்டது.

“ஊகிக்கிறாகளாம்ல. பசிக்கிறத ஊகிச்சுக்கிட்டா நீ சோத்துல கை வைக்கிற? தெரியுது, போறாக. அம்புட்டுத்தான். எழுது.”

“எழுதிட்டேன்க்கா.”

“அவுக உலகம், அவுக உலகம்னு நேத்து ஒண்ணு வாசிச்சியே. நீ எப்படி இதுக்கு வெளிய போன? போன லீவு வரைக்கும் இங்கன ஒக்காந்து நெத்திலி காயப்போட்டவதானடி? அதையும் எழுது.”

அதையும் டீச்சர் எழுதினார். சிரித்துக்கொண்டே எழுதினார் என்றாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்து அக்காள், “டைப்புத் தம்பி, அவ எழுதுறது உங்களுக்காச்சும் வெளங்குதா?” என்றார். விளங்குகிறது என்றேன். “அப்ப நீங்களும் அந்தக் கூட்டந்தான்” என்றார். கிளம்பும்போது வறுத்த நெத்திலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அதே பயணத்தில் வேறொன்றும் நடந்தது. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கரையோரத்தின் கதையை ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதிவந்தேன். படகுப் போக்குவரத்து, பஞ்சம், பாலம், பள்ளிக்கூடம், எல்லாம் வரிசையாக. அதை டீச்சரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். ரயிலடிக்கு வந்து திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னது இதுதான்: “எல்லாத் தேதியும் இருக்கு சார். ஆளுகதான் இல்ல.” கேலியில்லாமல், ஒரு நண்பரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். நான் சிரித்தேன். பாலத்தின்மேல் ரயில் மெதுவாகப் போகும்போது நோட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு நான் செய்த காரியத்தில் அந்த வாக்கியத்துக்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை கணக்கிட முடியவில்லை. பங்கே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நான்காம் அத்தியாயம் 1958 கோடையில் வந்தது. கடலில் போனவர் உடல் கரை சேராதபோது, அவர் இறந்துவிட்டார் என்பது வீட்டில் இருப்பவருக்கு எப்போது தெரிகிறது என்பது அதன் கேள்வி. கோயிலில் பூசை வைத்த நாளா, படகின் பலகை கிடைத்த நாளா, பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை மாற்றிக்கொண்ட நாளா என்று டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டிருந்தார். பெயர் சொல்லவில்லையே தவிர அது அக்காளின் கணவரைப் பற்றியது. அக்காள் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பதினோராவது வரியில் பேனாவை வாங்கிக் கோடு இழுத்திருக்கிறார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் அடுத்த தாளைத் தொடங்கினார். அதிலும் கோடு, இன்னும் மேலே. அதன் கீழும் ஒன்றுமில்லை. இப்படி ஒன்பது தாள். கடைசித் தாளில் கோடு உச்சியில் விழுந்திருந்தது, டீச்சர் எழுதியது இரண்டே வரி.

“இந்த ஒன்பதுலயும் கீழ ஒண்ணும் எழுதப்போறதில்ல சார். அப்படியே வெறுமையா விட்டுருங்க. இதுதான் என் தீசிஸ்லயே முக்கியமான இடம்” என்றார்.

“பரீட்சகர் பார்த்தால் பக்கம் விட்டுப்போச்சு என்று நினைப்பார், டீச்சர்.”

“நெனைக்கட்டும். அவரு முழிக்கணும். அக்கா முன்னாடி நான் முழிச்ச மாதிரி.”

இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். அக்காளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இவ்வளவையும் வாசித்துக் கேட்க அக்காள் கேட்ட விலை அதுதானாம்: நான் போட்ட கோடு போட்ட இடத்தில் இருக்க வேண்டும், உன் பேச்சுக்குப் பக்கத்திலேயே என் பேச்சும் இருக்க வேண்டும். அதை என்னிடம் சொன்னதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. என் முகத்தில் அவர் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சர் மதுரையில் டைபாய்டில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்திட்ட படிவங்களும் ஒரு கடிதமும் வந்தன. எழுந்து உட்கார முடியவில்லை, உங்கள் கையெழுத்து அழகானது, கோட்டுக்குக் கீழே அக்காளின் பேச்சை நீங்களே எழுதிவிடுங்கள், வெறுமையாக விட வேண்டியதை வெறுமையாக விட்டுவிடுங்கள், பைண்டு செய்து அனுப்பிவிடுங்கள் என்று இருந்தது. எழுத்துகள் வரியிலிருந்து இறங்கி இறங்கிப் போயிருந்தன. யாரையோ பிடித்துக்கொண்டு எழுதியதுபோல இருந்தது.

டைப் அடித்து முடித்த தாள்கள் மேசையில் நான்கு அடுக்காக இருந்தன. கீழ்ப்பகுதியில் தமிழ் எழுத வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. இதை இப்படியே அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள், வேலை போய்விடும், நோயாளியின் பிடிவாதத்துக்கு நாம் துணைபோகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை புதுத் தாள் வாங்கி வந்து முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். கோடுகள் போயின. அக்காளின் பேச்சையெல்லாம் ஒழுங்கான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, எண் கொடுத்து, பிற்சேர்க்கையாகக் கடைசியில் வைத்தேன். ‘தகவலாளர், பெண், கருவாட்டு வியாபாரி’ என்று தலைப்பிட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் தேதி போட்டேன். டீச்சர் தேதி எழுதி வைக்கவில்லை. என் டைரியையும் பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு, அவர் விடுமுறைக்கு வந்த நாட்களைக் கணக்கிட்டு, பொருத்தமாகத் தோன்றியதைப் போட்டேன். கடைசியில் அந்த ஒன்பது தாள்கள் வந்தன. அங்கேயும் எண் போட்டு, எதிரே ‘பதில் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒன்பது முறை அடித்தேன். ஒருவர் பேசாமல் இருந்ததற்கும் தேதி போட்டவன் நான்.

வேலை நேர்த்தியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பைண்டு செய்த பிரதியைக் கையில் எடுத்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு மகிழ்ச்சிதான்.

ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. டீச்சர் பிழைத்தெழுந்தார், வேலையும் நிரந்தரமாயிற்று. பரீட்சகரின் குறிப்பில் பிற்சேர்க்கையின் ஒழுங்கைத் தனியே பாராட்டியிருந்ததாக எனக்கு எழுதினார். எந்தப் பிற்சேர்க்கை என்று தெரியவில்லை, வேறு யாருடைய ஆய்வேட்டையோ நினைத்து எழுதிவிட்டார் போலிருக்கிறது என்றும் அதே கடிதத்தில் வேடிக்கையாகச் சேர்த்திருந்தார். அவருக்குரிய பிரதி என் அலமாரியில் இருந்தது. பைண்டரிடம் இருக்கிறது என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதத்துக்கும் அதையே எழுதினேன். கடைசியில் 1959 கோடையில், இனி எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்றான பிறகு, பிரதியையும் கையெழுத்துத் தாள்களையும் எடுத்துக்கொண்டு பாம்பனுக்கு ரயிலேறினேன். வழியில் டீச்சரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் முற்றத்தில், அக்காளுக்கு எதிரே, எனக்கும் ஒரு பாய் விரித்து வைத்துக் காத்திருந்தார்.

“கொண்டாங்க சார், அக்கா காலையிலருந்து மீனக்கூட ஒழுங்காப் பொரட்டல” என்றார்.

“பெத்த பிள்ளயப் பாக்கக்கூட நான் இப்படி ஒக்காந்ததில்ல” என்றார் அக்காள். கைகளைக் கழுவி வைத்திருந்தார்.

டீச்சர் புத்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவி, தலைப்பை வாசித்து, முதல் அத்தியாயத்தைப் பிரித்தார். பிரித்ததும் அவர் கை நின்றது. இரண்டு மூன்று பக்கம் வேகமாகத் தள்ளினார். பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்காளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அவர்தான் முதலில் பேசினார்.

“என் கோடு எங்கடி?”

டீச்சர் கடைசிப் பக்கங்களுக்குப் போனார்.

“எங்கடி போட்டிருக்க? நான் பேசுனதெல்லாம் எங்கன இருக்கு?”

“பின்னாடி இருக்குக்கா.”

“பின்னாடியா? மொத்தமாவா? நீ மட்டும் முன்னால தனியாப் பேசிக்கிட்டே போறியாக்கும்?” அக்காள் சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. “மச்சானப் பத்தி எழுதுனியே, அதுல?”

டீச்சர் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பொய் மொழிபெயர்க்கத் தெரியாது. “பதில் இல்லைன்னு போட்டிருக்கு” என்றார்.

“பதில் இல்லையா? நான் பதில் சொல்லலன்னு எவன் சொன்னான்? கோடு போட்டேன்ல? போட்டுட்டுப் பேசாம ஒக்காந்திருந்தேன்ல ஒம் முன்னாடி, நாலு நாளு?”

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும், நான் செய்தேன் என்று. வாயைத் திறந்தேன் என்றுகூட நினைவு. டீச்சர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை, எதையோ கூட்டிப் பார்த்து முடித்தவருடைய பார்வை. பிறகு அக்காளிடம் திரும்பி, “நாந்தான்க்கா மாத்தச் சொன்னேன். அப்படியே குடுத்தா ஒத்துக்கிட மாட்டாங்கன்னு பயந்துட்டேன்” என்றார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அக்காள் எழுந்து பாயின் மறுபக்கம் போய் உட்கார்ந்து மீனைப் புரட்டத் தொடங்கினார். “பயந்தா சரி” என்றார். “படிச்சவ, பயப்படத்தான் செய்வ.” எனக்கு நெத்திலிப் பொட்டலம் மட்டும் வழக்கம்போல வந்தது.

ரயிலடிவரை டீச்சர் கூட வந்தார். ஏன் என்று கேட்பார், பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது கையெழுத்துத் தாள்களை மட்டும்தான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்று குறைவது தெரிந்திருக்கும். கிளம்புவதற்கு முன் கடையில் அந்த ஒன்பதில் முதல் தாளை உருவி வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் ஆவணம், பாதுகாப்பு என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

டீச்சர் இரண்டு ஆண்டுகளில் வடக்கே ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். எனக்குக் கிடைக்கிற பத்திரிகைகளில் அவர் பெயரைத் தேடுவேன். வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன், எழுதுகிறார் என்று கேள்விப்பட்டதே இல்லை. 1964 டிசம்பரில் புயல் வந்து பாலம் அறுந்து, பாம்பன் தீவிலிருந்து நாட்கணக்கில் செய்தி வராமல் இருந்தபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்காள் இருக்கிறாரோ இல்லையோ என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. நான் செய்ததைச் சொல்வதற்கு இனி ஆள் இல்லாமல் போய்விட்டதோ என்பதுதான் முதலில்.

மறுபடி ரயில் ஓடத் தொடங்கியதும் போனேன். பாதிக் கூரைக்குப் புது ஓலை வேய்ந்திருந்தது. அக்காள் இருந்தார். கையில் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். டைபாய்டு, கடிதம், கையேடு, நோட்டைப் பற்றி டீச்சர் சொன்ன வாக்கியம், எதையும் விடவில்லை. அக்காள் கோட்டைப் பார்த்துத் தாளை நேராகப் பிடித்தார்.

“நான் பேசாம இருந்ததுக்கும் தேதி போட்டீகளாமே. என்ன தேதி?”

சொன்னேன். எனக்கு மறக்காது.

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “அது வருசா வருசம் ஓரியூர்க் கோயிலுக்கு நான் நேர்த்திக்குப் போற நாளுலா. அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல தம்பி, கோயில்ல இருந்தேன்” என்று சொல்லிச் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் மன்னிப்பைத் தேடினேன். அது என்னவென்று தெரிந்துகொள்வதற்குள் முடிந்துவிட்டது. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “அன்னைக்கு அவ பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். யாருக்காகச் சொல்றான்னுதான் தெரியல. ஒரு வாரம் மொகம் குடுத்துப் பேசல அவகிட்ட. அப்புறம் அவளும் எனக்கு வாசிச்சுக் காட்டறத விட்டுட்டா.” பிறகு, “இத அவகிட்ட சேத்துருங்க” என்றார். வீட்டுக்குள் போய், டீச்சரின் கடித உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பின்புறம் முகவரி இருந்தது.

அது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாளை மட்டும் அனுப்ப முடியாது, கூட ஒரு கடிதம் வேண்டும். எத்தனையோ முறை எழுதினேன். எல்லாவற்றிலும் தேதி இருந்தது, காரணம் இருந்தது, காரணங்களுக்கு வரிசை எண்கூட இருந்தது. படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இன்னொரு பிற்சேர்க்கையாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

இன்று காலை உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுதினேன். கோடுகளை எடுத்தது நான், ‘பதில் இல்லை’ என்று அடித்தது நான், அக்காள் முன்னால் உங்களைப் பேசவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது நான், இந்தத் தாளைத் திருடியதும் நான் என்று எழுதினேன். ஐந்தாவது வரியில் ஏன் செய்தேன் என்று தொடங்கும்போது பேனாவை நிறுத்திவிட்டேன். அளவுகோலை எடுக்கக் கை போயிற்று. எடுக்காமல், வெறும் கையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அது அக்காளுடையதைவிடக் கோணலாக வந்தது. கீழே முக்கால் பக்கம் அப்படியே இருக்கிறது. தேதி போடவில்லை. இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்து உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். தபால் எடுப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த முக்கால் பக்கத்தில் டீச்சர் எதுவும் எழுதாமல் போனால், அதற்கு என்ன பெயர் என்று இந்த முறை நான் எங்கும் எழுதிவைக்க மாட்டேன்.